வைத்தியரும் இசைப்புலவருமாகிய தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்

உலகத்திலே வழங்குங் கலைகளுள், அவற்றை உடையாரோடு ஒருங்கே மடிந்துபோகும் இயல்பினையுடையன இரண்டு உள. அவற்றுள் ஒன்று வைத்தியம், மற்றொன்று சங்கீதம். நம் ஊர்ப் பரியாரிமார் பலர், தாம் கைகண்ட மருந்தின் முறையைத் தம் புதல்வர்க்குக் கூடச் சொல்லாது, அந்தியகாலத்திலே சொல்வோம் என்றிருந்து, அக்காலம் வந்தபோது நாவெழாது இறந்தனர். சங்கீத வித்துவான்களிற் பலரும் அவ்வாறே, தாம் பாடும் உருப்படியைப் பிறர் கவர்ந்துவிடுவரென்று அஞ்சி, அதனைத் தம் மிடற்றினுள்ளேயே பூட்டி வைத்து, அப்பூட்டுடனே சென்றனர். ஒளித்து வைத்தலினாலே கலை வளர்ந்ததென்று எவ்விடத்துங் கேட்டிலோம். வைத்தியமும் சங்கீதமுமாகிய இவ்விரு கலைகளையும் ஒருங்கே கற்று, ஒன்றினாலே தேடிய பொருளை மற்றொன்றை வெளிப்படுத்தி எழுதி வைத்தற் பொருட்டுச் செலவிட்ட பெரியார் ஒருவருடைய சரித்திரத்தை இங்கே சுருக்கிக் கூறப் புகுகின்றோம். அவர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர்.

பண்டிதர் கிறிஸ்தவ சமயத்தவர். சைவர் பலர் வாசிக்கும் பத்திரிகையிலே அவர் சரித்திரம் எற்றுக்கெனச் சில அன்பர் வினாவுதல் கூடும். தமிழிசை சைவர்க்குத் திருமுறையோடு பிணைந்த பொருள். அதன் இலக்கணத்தை ஆராய்தற்கு ஒருவர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியையும், தம் பொருளிற் பெரும்பகுதியையும் ஈந்தாராயின், அவர் எச்சமயத்தவராயினும் அவர் செய்தது இன்னதென்று அறிதல் நம் கடமையாம். அன்றியும், பண்டிதர் தம் வாழ்வை ஓர் உபாத்தியாயராகவே தொடங்கினவராதலின், ஆசிரிய அன்பர்க்கு இச்சரித்திரம் இரட்டிப்பு உரிமையுடையது.

பண்டிதர் 1859 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 2 ஆம் தேதி, பாண்டி நாட்டின் தென்பகுதியிலே, தென்காசிக்கு அணித்தாகிய சாம்பவர் வடகரை என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் முத்துசாமி, தாயார் அன்னம்மாள். இளமையிற் கல்வி கற்றபின், திண்டுக்கல்லிலே ஆசிரியப் பயிற்சி பெற்று அங்கேயே ஆசிரியராயினார். அக்காலத்திலேயே சங்கீதத்தில் அவருக்கு வேட்கை மிகுந்தது. அவ்வூரிலிருந்த சடையாண்டி பட்டர் என்பவரிடம் பிடில் வாசிக்கப் பழகினார். தேவாலயத்திற் பாடப்படுங் கிறிஸ்தவ கீதம் ஒருபுறமும், பட்டரிடங் கேட்ட கர்நாடக இராகம் மற்றொருபுறமுமாக, இருவகை இசையும் இளமையிலேயே அவர் செவியிற் புகுந்தன.

சங்கீதத்தைப் போலவே சித்த வைத்தியத்திலும் அவர் மனஞ் சென்றது. ஏடுகளைத் தேடி வாசித்ததனோடு அமையாது, மூலிகைகளை நேரிற் காணவேண்டுமென்னும் விருப்பத்தினால் மலைச் சாரல்களிலே திரிந்தார். 1877 ஆம் ஆண்டளவிலே சுருளிமலைக்குச் சென்றபோது, அங்கே தவஞ்செய்துகொண்டிருந்த கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு, அவரைக் குருவாகக் கொண்டு, அவரிடம் மருந்து முறைகளைக் கேட்டறிந்தார். மிஷன் கல்வியிற் பயின்ற கிறிஸ்தவ இளைஞர் ஒருவர் மலையிலிருந்த துறவியின் அடியில் இருந்து கற்றது அக்காலத்திற்கு வியப்பே. அதனினும் வியப்பு, அக்குருவை அவர் இறுதிவரை மறவாமையாம். பிற்காலத்திலே அவர் செய்து விற்ற சஞ்சீவி மருந்துகள் கருணானந்தர் பெயரையே தாங்கின. அவர் வைத்தியசாலை கருணாநிதி வைத்தியசாலை எனப்பட்டது. அவர் உண்டாக்கிய தோட்டம் கருணானந்தபுரம் ஆயிற்று. அவர் இயற்றிய பெருநூலுக்குங் கருணாமிர்த சாகரம் என்றே பெயரிட்டார். தாம் பெற்ற செல்வமும் புகழும் எங்கிருந்து வந்தனவென்பதை இவ்வாறு ஒவ்வொரு பெயரினாலும் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

1882 ஆம் ஆண்டு ஞானவடிவு பொன்னம்மாள் என்னும் அம்மையாரை விவாகஞ் செய்தார். அடுத்த ஆண்டு இருவருந் தஞ்சாவூரை அடைந்து, அங்குள்ள நேப்பியர் சீமாட்டி பெயராலாகிய பெண் வித்தியாசாலையிலே, அம்மையார் தலைமையாசிரியையாகவும், பண்டிதர் தமிழாசிரியராகவும் அமர்ந்தனர். மனைவியார் தலைமை வகிக்கும் வித்தியாசாலையிலே கணவர் அவர்க்குக் கீழமர்ந்து கற்பித்தலை அக்காலத்தார் எளிதில் ஒப்புக்கொள்ளார். பண்டிதர் அதனை இழிவென எண்ணாது ஏறக்குறைய ஏழாண்டு கற்பித்தார். ஓய்ந்த வேளைகளிலே மருந்து செய்து நோயாளர்க்குக் கொடுத்து வந்தார். மருந்தினாற் குணமடைந்தோர் தொகை பெருகவே, 1890 ஆம் ஆண்டிலே ஆசிரியத் தொழிலை விட்டு வைத்தியத்தையே முழுத் தொழிலாகக் கைக்கொண்டார்.

அவர் மருந்துகள் தமிழ் நாட்டின் எல்லையைக் கடந்தும் பரவின. கடல் கடந்த நாடுகளிலிருந்தும் அவற்றை வருவித்துண்டனர். அதனால் வந்த பொருள் மிகப் பெரிது. தஞ்சாவூர்ப் புறத்தே தரிசாய்க் கிடந்த நிலத்தை வாங்கி, மருந்துக்கு வேண்டும் மூலிகைகளைப் பயிரிட்டார். கரும்பு முதலியவற்றை நட்டுப் பரீட்சித்தார். பட்டுப்பூச்சி வளர்த்தலிலும் முயன்றார். சென்னை மாகாணத் தேசாதிபதியாயிருந்த லாலித் துரை அத்தோட்டத்தைப் பார்வையிட வந்தார். அரசாங்கத்தார் இராவ் சாகிப் என்னும் பட்டமளித்தனர். இவ்வளவோடு நின்றிருப்பின், செல்வம் படைத்த வைத்தியர் ஒருவர் என்னும் அளவிலே அவர் பெயர் அவ்வூரோடு அடங்கியிருக்கும். அவர் உள்ளமோ பாட்டிலே கிடந்தது.

தஞ்சாவூர் சங்கீதத்துக்குத் தலைநகர். நாயக்க மன்னரும் மராட்டிய மன்னரும் வழிவழி வித்துவான்களைப் போற்றிய இடம். 1847 ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்த தியாகராஜ சுவாமிகளுடைய கீர்த்தனங்கள் அப்பக்கமெங்கும் பாடப்பட்டு வந்தன. அவை தெலுங்கு மொழியின. பயிலத் தொடங்குஞ் சிறுவர்க்குரிய கீதங்களும் வர்ணங்களும் பெரும்பாலும் தெலுங்கும் சமஸ்கிருதமுமே. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாபிள்ளை, கோபாலகிருஷ்ண பாரதியார் முதலாயினோர் இயற்றிய தமிழ்க் கீர்த்தனங்கள் வழக்கிலிருந்தும், சங்கீத சிட்சை தொடங்கும் பிள்ளை பொருளறியாத சொற்களையே நாவிற் கொள்ளவேண்டியிருந்தது. பெண் வித்தியாசாலையிலே தமிழ் கற்பித்த ஆசிரியர்க்கு இக்குறை தெற்றெனப் புலப்பட்டிருக்குமென்பதில் ஐயமில்லை. ஆகவே பண்டிதர் தாமே தமிழிற் பாடல்கள் இயற்றத் தலைப்பட்டார். தொடக்கப் பயிற்சிக்குரிய உருப்படிகளும் கீர்த்தனங்களுமாகத் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட பாடல்களை இயற்றினார். அவை அவர் வழிபட்ட தெய்வத்தின் மேலன. பொருளளவில் அவை நம் வழிபாட்டுக்குரியன அல்லவாயினும், பிள்ளை தன் தாய்மொழியிலே இராகத்தைக் கற்றல் வேண்டுமென்ற கொள்கை சமய பேதமின்றி யாவர்க்கும் உரியதேயாம்.

இயற்றியதோடு அவர் அமைந்திலர். பாட்டின் சொல்லை மாத்திரம் அச்சிடுதல் நம்மவர் வழக்கம். தலைப்பிலே இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் இருக்கும்; மெட்டு எங்கேயெனின், அறிந்தாரிடம் கேட்டுக்கொள்க என்பதே விடை. அறிந்தார் இறந்தபின் அச்சொற்கள் உயிர் நீங்கிய உடம்பு போலக் கிடக்கும். பண்டிதர் தம் பாடல்களைச் சுரதாளக் குறிப்புடன் எழுதினார். எந்த எழுத்து எந்தச் சுரத்தில் நிற்கும், எத்தனை அட்சரகாலம் நிற்கும் என்பனவெல்லாம் குறிக்கப்பட்டன. அவை கருணாமிர்த சாகரத் திரட்டு என்னும் பெயரால் அச்சேறின. இவ்வெழுத்து முயற்சி அக்காலத்திலே தென்னாட்டிற் பல திசையினும் எழுந்தது. சின்னச்சாமி முதலியார் 1893 ஆம் ஆண்டிலே கர்நாடக உருப்படிகளை ஐரோப்பியக் குறிகளில் எழுதி வெளியிடத் தொடங்கினார். எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர் 1904 ஆம் ஆண்டிலே முத்துசாமி தீட்சிதருடைய கீர்த்தனங்களைச் சுரக்குறிப்புடன் பெருநூலாக வெளிப்படுத்தினார். முன்னோர் செய்த உருப்படிகள் அழியாவண்ணம் காத்தது அவர்கள் பணி. பிள்ளைகள் கற்றற்குரிய புதிய தமிழ்ப் பாடல்களை இயற்றி, இயற்றிய காலத்திலேயே குறிப்புடன் வைத்தது பண்டிதர் பணி.

மிஷன் வித்தியாசாலைகளிற் கற்று வந்த நம்மனோர்க்கு இதன் அருமை நன்கு விளங்கும். அங்கே ஆர்மோனியத்தின் மேலிருந்த கீதபுத்தகத்திலே ஒவ்வொரு கீதத்துக்கும் இசைக்குறி அச்சிடப்பட்டிருந்தது. அமெரிக்காவிலே ஒரு பிள்ளை பாடிய மெட்டும் யாழ்ப்பாணத்திலே மற்றொரு பிள்ளை பாடிய மெட்டும் அதனாலே ஒன்றாயிருந்தன. பாடசாலை விட்டு நம் கோயிலுக்கு வந்து தேவாரங் கேட்டபோதோ, ஊருக்கு ஊர் பண் வேறுபட்டமை கண்டோம். திண்டுக்கல்லிற் பயின்ற பண்டிதர் உள்ளத்திலும் இத்தகைய ஒப்பீடு எழுந்திருத்தல் கூடும்.

சுரங்களை எழுதப் புகுந்தவர்க்கு மற்றொரு வினா எழுந்தது. ஒரு ஸ்தாயியிலே சுருதிகள் எத்தனை? சமஸ்கிருத சங்கீத நூல்கள் இருபத்திரண்டு என்கின்றன. அவற்றின் அளவை ஆசிரியர் பலர் பலவாறு கணித்தனர். பண்டிதர் அக்கணக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து, அவை தம்முட் பொருந்தாமையையும், வித்துவான்கள் வழக்கிற் பாடுவதற்கு ஒவ்வாமையையும் கண்டார். விடை பழந்தமிழ் நூல்களில் இருத்தல் கூடுமென்று எண்ணி அவற்றை ஆராயப் புகுந்தார். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் 1892 ஆம் ஆண்டிலே சிலப்பதிகாரத்தை உரையுடன் அச்சிட்டு வெளிப்படுத்தியிருந்தமை அவருக்குப் பெருந்துணையாயிற்று. அரங்கேற்று காதையிலும் ஆய்ச்சியர் குரவையிலும் வரும் இசைப் பகுதிகளையும் அவற்றின் உரைகளையும் வைத்து அவர் ஆராய்ந்தார்.

அவர் கண்ட முடிபை ஆசிரிய அன்பர் கணக்கு வடிவிலே எளிதில் அறியலாம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகு சொல்லப்பட்டுள்ளது. கூட்டினால் 22 ஆம். ஆயினும் இராசி பன்னிரண்டையும் வட்டமாக வைத்து, இசைகளை அவ்வீடுகளில் நிறுத்துவது தமிழ் முறை. வீடு ஒன்றுக்கு இரண்டு அலகாயின் 24 வரல் வேண்டும். குறைந்த இரண்டும் எங்கே? கைக்கிளையிலும் விளரியிலும் ஒவ்வோர் அலகு குறைத்து வாசித்தல் ஒரு வழக்கு என்றும், குறையாத நிலையில் 4, 4, 4, 2, 4, 4, 2 என இருபத்துநான்காமென்றும் பண்டிதர் சாதித்தார். பன்னிரண்டாகப் பகுப்பது ஆயப்பாலை, இருபத்துநான்காகப் பகுப்பது வட்டப்பாலை, நாற்பத்தெட்டாகப் பகுப்பது திரிகோணப்பாலை, தொண்ணூற்றாறாகப் பகுப்பது சதுரப்பாலை எனவும் வகுத்துரைத்தார்.

இதனைத் தமக்குள்ளே வைத்துக்கொண்டு, நாமே கண்டோமென மகிழ்ந்திருத்தல் அவர் இயல்பன்று. 1912 ஆம் ஆண்டிலே தஞ்சாவூரிற் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்னும் சபையை நிறுவி, வித்துவான்களைப் பல முறை தம் செலவிலே வரவழைத்து, தம் கொள்கையை அவர் முன் வைத்து, தடை கூறுமாறு வேண்டினார். மறுத்தவர்க்கும் அங்கே இடமுண்டாயிற்று. 1916 ஆம் ஆண்டிலே பரோடா சமஸ்தானத்தில் அகில இந்திய சங்கீத மகாநாடு கூடியபோது, தம் குடும்பத்துப் பெண்மக்களுடன் அங்கே சென்று, தாம் கணித்த சுருதிகளை அவர்கள் இசைத்துக் காட்டத் தம் ஆராய்ச்சியை எடுத்துரைத்தார். குடும்பப் பெண்கள் சபையேறிப் பாடுதலைக் குறைவாக எண்ணிய காலம் அது.

அடுத்த ஆண்டாகிய 1917 இலே கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. 1300 பக்கங்களுக்கு மேற்பட்ட அப்பெருநூலைப் பிறர் அச்சுக்கூடத்திற் கொடாது, லாலித் துரை பெயராலே தாம் அமைத்த சொந்த அச்சுக்கூடத்திலேயே பதிப்பித்தார். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிலே 1849 ஆம் ஆண்டிலே ஆறுமுகநாவலரவர்கள் அச்சியந்திரம் நிறுவியதை இவ்விடத்து நினையாதிருத்தல் இயலாது. சமயம் வேறு, நோக்கம் வேறு. எனினும், ஏட்டிலும் நாவிலும் இருப்பது காகிதத்தில் ஏறினாலன்றி நிலையாதென்று கண்ட கண் இருவர்க்கும் ஒன்றே.

நூல் வெளிவந்தபின், 1919 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 31 ஆம் தேதி, தமது அறுபதாம் வயது நிறைந்த அம்மாதத்திலேயே, பண்டிதர் காலமானார். எழுதி முடித்து அச்சேறாதிருந்த பகுதி அவரோடு அழிந்திலது. அவர் மகளார் மரகதவல்லி அம்மையார் 1946 ஆம் ஆண்டிலே அதனை இரண்டாம் பாகமாக வெளிப்படுத்தினார். பண்டிதர் இறந்து பத்தாண்டின் பின், 1929 இலே சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தோன்றியது. 1943 இலே சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. தமிழிற் பாடுக என்னும் பேரொலி நாடெங்கும் எழுமுன்னரே, தஞ்சையில் ஒரு வைத்தியசாலையிலே அவ்வேலை அமைதியாக நடந்திருந்தது.

இனி, பண்டிதர் முடிபுகளெல்லாம் நிலைபெற்றனவோ எனின், இல்லை. கடல்கொண்ட பெருநிலத்தைப் பற்றியும் முச்சங்கத்தைப் பற்றியும் அவர் எழுதியவற்றிற் பலவற்றை இக்காலத்து நிலநூலாரும் சரித்திர நூலாரும் ஒப்பார். இருபத்துநான்கு சுருதிக் கொள்கையையும் பலர் மறுத்தனர். நம் நாட்டுக் காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் 1947 இலே வெளியிட்ட யாழ்நூலில், அலகு இருபத்திரண்டு என்னும் முறையையே கொண்டார். அதன்பின் பண்டிதர் புதல்வர் வரகுண பாண்டியனார் 1950 இலே பாணர் கைவழி என்னும் நூலை வெளியிட்டு அடிகளாரோடு வாதிட்டார். இவ்வாதத்தைக் கண்டு சிலர் வருந்துவர், நாம் வருந்தோம். பண்டிதர் தம் கணக்கை ஒளித்து வைத்திருப்பின், அதனை ஒப்புவாரும் இலர், மறுப்பாரும் இலர். அவர் எழுதி வைத்தமையினாலன்றோ, கடலுக்கு இப்பாலிருந்த துறவியார் ஒருவரும் அதே நூற்பகுதிகளை வைத்து வேறு வழியிற் செல்லவும், அவ்வழியைப் பின்வந்தோர் சோதிக்கவும் இடமுண்டாயிற்று. மறைத்து வைத்த மெய் மறைத்தவனோடு போம். வெளிப்பட எழுதிய பிழையோ பிறர் திருத்த நிற்கும்.

சைவராகிய நமக்கு இஃது அறியாத செய்தியன்று. திருமுறைகண்ட புராணம் கூறும் வரலாற்றை நினைமின். தில்லையிலே பூட்டிய அறையிற் கிடந்த தேவார ஏடுகளுட் பெரும்பகுதியைச் செல் அரித்தது. எஞ்சியவற்றுக்குப் பண் இன்னதென்று அறிவார் இலராக, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரைத் திருவெருக்கத்தம்புலியூரிற் கண்டு, அவரைக் கொண்டு பண்முறை வகுத்தனர் என்பர். சைவ உலகத்தின் இசைச் செல்வம் முழுவதும் அன்று ஒரே பெண்ணின் மிடற்றிலே தங்கியிருந்தது. அவர் ஒளித்திருப்பின், அல்லது ஓராண்டு முன்னர் இறந்திருப்பின், நம் நிலை யாதாகும்?

ஆசிரிய அன்பர்களே, உங்கள் கிராமத்திலே பழைய முறையிற் பண் பாடும் முதியவர் ஒருவர் இருத்தல் கூடும். அரிவு வெட்டுப் பாட்டும், ஊஞ்சற் பாட்டும், கும்மியும் அறிந்த பாட்டிமார் சிலர் இருப்பர். சொல்லை எழுதிக்கொள்வார் சிலரேனும் உளர். மெட்டை எழுதுவார் மிகச் சிலர். ஒலியைப் பதியுங் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கின்ற இக்காலத்திலும், பதிந்ததைச் சுரமும் தாளமுங் கண்டு எழுதி, பாடினவர் ஊரும் நாளுங் குறித்து, பாடசாலை நூல்நிலையத்தில் வைப்பார் அரியர். பண்டிதர்க்கு இருந்த செல்வம் நமக்கில்லை; அச்சுக்கூடமும் இல்லை. எனினும், திண்டுக்கல்லிலே பிடில் கற்கச் சென்றபோது அவர்க்கும் அவை இருந்தில. அன்று அவர் ஓர் உபாத்தியாயர். ஒரு கொப்பியும், ஒரு எழுதுகோலும், சனிக்கிழமை பிற்பகலும் உடைய உபாத்தியாயர் ஒருவர், தம் ஊரிலே மூத்தவர் ஒருவருடைய திண்ணையில் அமர்ந்து இப்பணியைத் தொடங்கலாம். முதியோர்க்கு நாள் சில. ஆதலாற் காலந்தாழ்த்தாது தொடங்குதல் நன்று.